வேனின் பதினான்கு ஓட்டைகள்

ஏப்ரல் 23, புதன்

இன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மற்ற பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டாயிற்று. கடைசியாக இறங்க வேண்டிய ஷெரின், இரண்டாம் வகுப்பு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஆன்ட்டி, லீவுல ஓட்டைய அடைச்சிராதீங்க."

"எந்த ஓட்டைய?"

"எங்க சீட்டுக்குக் கீழ இருக்குல்லா. அதுல ரோடு ஓடும்."

வண்டியை ஓரம் கட்டி ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். என் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. கீழே தார் ரோடு. ஓரத்தில் விரலை வைத்தால் அப்பளமாக நொறுங்குகிறது. அவளிடம் விசாரித்ததில், மார்ச் மாதத்திலிருந்தே இந்தக் கூட்டத்துக்குத் தெரியுமாம். அந்த சீட்டில் உட்கார முறை வைத்திருக்கிறார்கள். கடலைத் தோலை அதன் வழியாகப் போட்டு ரசித்திருக்கிறார்கள். ஒரு அழிரப்பரும் ஒரு கொலுசுத் திருகும் அந்த வழியாகவே போயிருக்கின்றன. பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருத்தர்கூட என்னிடம் மூச்சு விடவில்லை.

பன்னிரண்டு பிள்ளைகளை ஒரு அப்பளத்தின் மேல் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன். புத்தாண்டுக்குப் பிள்ளைகளின் பெற்றோர்கள் கொடுத்த டைரி இது. நான்கு மாதமாக வெறுமனே கிடந்தது. இன்று யாரிடமாவது சொல்லியாக வேண்டும், அதனால் இதைத் திறந்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

மெக்கானிக் சுடலைமுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்திக் காட்டினார். மூன்று இடத்தில் உள்ளே போனது.

"மேல சனிக்கெழமை தவறாம ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுதிய. கீழ ஒருநாளாவது தண்ணி காட்டுனியளா?"

இல்லை. தினமும் காலையும் மாலையும் உப்பளத்து ரோட்டில் போய்வருகிற வண்டி. மேலே மஞ்சள் பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருக்கும். கீழே பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. இந்த ஜெபக்கனி மாதிரி வண்டி வைத்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று ஊரில் நான்தான் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அவர் தகடு வெட்டி வெல்டிங் வைத்துவிடுவாராம். ஆனால் அடிப்பக்கம் முழுக்கத் துரு எடுத்துப் பூச்சு அடிக்காவிட்டால் ஒரே வருஷத்தில் மறுபடியும் அப்பளம்தானாம். டவுனில் பூச்சு அடிக்கிற இடத்தில் கேட்டேன். ஜூன் பத்துக்கு முன்னால் தேதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பள்ளி வண்டிகளுக்கான வருடச் சோதனை மே 29. அதில் தேறாவிட்டால் ஜூன் 2 முதல் என் பிள்ளைகளை வேறு வண்டியில் ஏற்றிவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் எட்வின் தவறி ஒன்பது வருஷம். அவர் போன மூன்றாவது மாதம் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு எனக்காக யாராவது வாசலில் நிற்கிறார்கள். அது போய்விட்டால் ஏழு மணிக்கு நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 30, புதன்

வெல்டிங் முடிந்தது. ஷெரினுடைய அப்பா லெயோன் போன் செய்தார். சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர்.

"மீன்பிடித் தடையில போட்டெல்லாம் கரையில கெடக்கு. எங்க பெயிண்டர் இன்னாசி அங்கதான் இருக்காரு. வருசம் பூராவும் கடல்லயே கெடக்குத இரும்பத் துருப்பிடிக்காம பாத்துக்கிடுத மனுசன். ஒங்க வண்டி ரோட்டுலதான ஓடுது."

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் அவர் மகளாம். ஓட்டையைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம்.

மே 2, வெள்ளி

திரேஸ்புரம் கடற்கரை. இருபது முப்பது படகு வரிசையாகக் கிடந்தது. இன்னாசி என்பவர் நெட்டையான ஆள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். சட்டையில் இல்லாத நிறம் இல்லை. பேசாமல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"எப்பத் தண்ணியில எறக்கணும்?"

"தண்ணியில எறக்கப் போறதில்ல அண்ணாச்சி. ரோட்டுல ஓடுத வண்டி. இருபத்தொம்பதாம் தேதி இன்ஸ்பெக்சன்."

"வண்டிக்குப் பேரு?"

நம்பரைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பேரில்லாம எறக்குத வழக்கம் எங்ககிட்ட இல்ல. எல்லா வேலையும் முடிஞ்ச பெறகு கடைசியாப் பேர் எழுதணும். மாதா பேர் வைப்பாவ, இல்லன்னா பொண்டாட்டி பேர் வைப்பாவ. யோசிச்சு வைங்க டிரைவரம்மா."

பள்ளி வாகனம் என்று நாலு பக்கமும் எழுதியிருக்கிறது, அது போதும் என்றேன். படகுக்காரரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார முடியாது. தினமும் போய்க் கூடவே நின்று பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறேன்.

மே 5, திங்கள்

இரண்டு பக்கமும் ஜாக்கி கொடுத்து, படகுக்கு முட்டுக்கொடுக்கிற கட்டைகளின் மேல் வண்டியை ஏற்றிவிட்டார்கள். இன்று முழுவதும் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவினார். கழுவி முடித்ததும் கீழே படுத்து, ஒரு இரும்புச் சட்டத்தை விரலால் தடவி நாக்கில் வைத்தார்.

"இன்னும் உப்பு இருக்கு."

மறுபடியும் தண்ணீர். மறுபடியும் நாக்கு. மூன்றாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. இதெல்லாம் ஒரு சோதனையா என்று கேட்டேன். "நீங்களே பாருங்க" என்றார். சுற்றிலும் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு நானும் தடவி வாயில் வைத்தேன். உப்புத்தான். நல்ல உப்பு. குழம்புக்கே ஆகும்.

நாற்பத்தொரு வயதில் வேனை நக்கிப் பார்த்தேன் என்பதை இந்த டைரி தவிர யாருக்கும் சொல்வதாக இல்லை.

மே 8, வியாழன்

கம்பி பிரஷ், உப்புத்தாள், துரு. நானும் ஒரு பிரஷ் எடுத்துக்கொண்டேன், சும்மா நின்றால் கால் கடுக்கிறது. தலைமுடி முழுக்கச் செம்பட்டை. பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா பார்த்துவிட்டு, "யாருக்குடி டை அடிச்சிருக்க?" என்றாள்.

மே 9, வெள்ளி

மத்தியானத்துக்குச் சாளை மீன் குழம்பு வைத்தேன். மிஞ்சிவிட்டது. வீணாக்க வேண்டாமே என்று தூக்குச்சட்டியில் ஊற்றிக் கரைக்குக் கொண்டுபோனேன்.

மே 10, சனி

இன்றும் மிஞ்சிவிட்டது.

மே 13, செவ்வாய்

துரு முழுக்க எடுத்தாயிற்று. அடிப்பூச்சாக ரெட் ஆக்சைடு இரண்டு கை அடித்தார். சுடலைமுத்து வந்து, சைலன்சரிலும் பிரேக்கிலும் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது என்று மிரட்டிவிட்டுப் போனார். இன்னாசி அவற்றையெல்லாம் பழைய பேப்பரால் சுற்றிக் கட்டினார். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுகிற பக்குவம்.

பேச்சியக்கா கேட்காமலே செய்தி கொண்டுவந்தாள். மூன்று தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்ததில் இன்னாசிக்குக் கல்யாண வயது தாண்டிப்போய்விட்டதாம். குடி கிடையாதாம். எனக்கு எதற்கு இந்த விவரம் என்று கேட்டேன்.

"மொதல்ல வாய்க்கு வாய் அண்ணாச்சி அண்ணாச்சின்னு சொன்ன. ஒரு வாரமா அத விட்டுட்டியே, அதான் சொன்னேன்."

விட்டுவிட்டேனா? கவனிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவ்வளவு நீளமாகக் கூப்பிட நேரம் எங்கே இருக்கிறது.

மே 17, சனி

கருப்புப் பூச்சு. ரப்பரும் தாரும் சேர்ந்த மாதிரி கெட்டியாக இருக்கிறது. அடித்து முடித்ததும் அடிப்பக்கம் எருமை முதுகுபோல மின்னியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். உள்ளே கூடாக இருக்கிற சட்டங்களுக்குள் பிரஷ் போகாது என்று சொல்லி, ஒரு பெரிய ஊசிக்குழலால் எதையோ பீய்ச்சினார். நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"என்னது இது?"

"சுறா எண்ணெய். படகுக்கு இதவிட மருந்து கெடையாது. மூணு நாள்ல வாடை போயிரும்."

மே 20, செவ்வாய்

வாடை போகவில்லை. வண்டிக்கு அடியில் ஏழு பூனை.

மே 24, சனி

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கிளம்புவதற்கு முன் மறுபடியும் பேர் கேட்டார். எனக்கு ஏற்கெனவே பூனை எரிச்சல். "ஒங்களுக்குப் பிடிச்சத எழுதிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சின்ன பிரஷோடு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். பூச்சு விட்டுப்போன இடம் ஏதோ இருந்ததாம்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். முன்பக்கம் எழுதவில்லை. இரண்டு பக்கவாட்டிலும் இல்லை. மறந்திருப்பார். நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. பின்பக்கமும் பார்த்தேன், இல்லை.

பேச்சியக்காவின் பூனைக்குத் தாசில்தார் என்று பேர். அது தன் வீட்டை விட்டுவிட்டு என் வண்டிக்கு அடியில் குடிவந்துவிட்டது.

மே 27, செவ்வாய்

விடியற்காலையில் கோடை மழை கொட்டித் தீர்த்தது. சந்தோஷமாக வண்டியை எடுத்தேன், புதுப் பூச்சு மழையில் எப்படி நிற்கிறது பார்ப்போம் என்று. முதல் வளைவிலேயே சத்தம் கேட்டது. முற்றின தேங்காயைக் காதோரம் ஆட்டினால் வருகிற சத்தம். பிரேக் போட்டால் முன்னால் ஓடுகிறது, எடுத்தால் பின்னால் ஓடுகிறது. கதவைத் தட்டினேன். கதவுக்குள் தண்ணீர். படிக்குக் கீழே இருக்கிற கூட்டுக்குள் தண்ணீர்.

சுடலைமுத்து குனிந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

கதவுக்கு அடியிலும் படிக்கு அடியிலும் மழைத்தண்ணீர் வடிவதற்கென்று வண்டி செய்தவர்களே ஓட்டை விட்டிருக்கிறார்கள். இன்னாசி அதில் ஒன்று விடாமல், படகுப் பலகை இடுக்கை அடைக்கிற மாதிரி பஞ்சு திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் குழைத்துப் பூசி அடைத்து வைத்திருக்கிறார். அதன் மேல் கருப்புப் பூச்சு. ஒரு சொட்டு இறங்காது. உள்ளே தண்ணீர் நின்றால் ஆறே மாதத்தில் உள்ளிருந்து துருப்பிடித்து மொத்தமும் போய்விடும் என்றார் சுடலைமுத்து. நாளை மறுநாள் சோதனை.

கரைக்குப் போனேன். ஒரு படகின் மேல் நின்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். இருபது பேர் கேட்கக் கத்தினேன்.

"ஓட்டைய ஏன் அடைச்சிய?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "ஓட்டை இருந்தா அடைக்கத்தான செய்வாவ?"

"அது தண்ணி வடியுத ஓட்டை!"

கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தார். பிறகு ஏணியில் இறங்கி என் முன்னால் வந்து நின்றார். "கடல்ல தண்ணி வெளியில நிக்கும், உள்ள வரப் பாக்கும். எனக்கு அதான் தெரியும். உள்ள நிக்குத தண்ணி வெளியில போணும்னு ஒரு வண்டி இருக்குன்னு தெரியாமப் போச்சு." முகம் செத்துப்போயிருந்தது. "பதினாலு ஓட்டை. ஒவ்வொண்ணும் தேடித் தேடி அடைச்சேன். ஒங்க பிள்ளைய கால்ல ஒரு சொட்டு ஈரம் படக் கூடாதுன்னு அடைச்சேன்."

அதற்குமேல் எனக்குத் திட்ட வரவில்லை. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன். வண்டிக்காகத்தான்.

மே 28, புதன்

காலை ஆறு மணிக்கு இரண்டு குத்தூசியோடு வாசலில் நின்றார். வண்டிக்கு அடியில் ஆளுக்கொரு பக்கம் படுத்தோம். முதல் அடைப்பை நான்தான் குத்தினேன். மழைத்தண்ணீரும் சுறா எண்ணெயும் கலந்து நேரே என் முகத்தில். அந்தப் பக்கம் அவருக்கும் அப்படியே. தாசில்தார் ஓடிவந்து அவர் காதை நக்க ஆரம்பித்தது. அவர் "போ சார், போ சார்" என்று மரியாதையாகவே விரட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. வயிறு வலித்தது. இப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்றோ, எனக்கே என் சத்தம் புதிதாக இருந்தது. பேச்சியக்கா வந்து குனிந்து பார்த்து, ஒன்றும் கேட்காமல், காபி போட்டுக் கொண்டுவந்து இரண்டு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

பதினான்கையும் திறந்துவிட்டோம். ஓட்டை ஓரங்களில் மறுபடியும் பூச்சு தொட்டு வைத்தார். ஈரம் போக எல்லாக் கதவையும் வெயிலில் திறந்து போட்டோம். நடுப்பக்கமும் ஒருமுறை பார்த்துவிடலாமென்று நான் நகர்ந்தபோது, "அங்கன ஓட்டை ஏதும் இல்ல, வேண்டாம்" என்று அவசரமாகத் தடுத்தார். அங்கே ஏதோ சரியாகப் பூசவில்லை போல. நாளைக்கு இன்ஸ்பெக்டர் அங்கேதான் பார்ப்பார்.

மே 29, வியாழன்

மைதானத்தில் அறுபது எழுபது வண்டி. பிரேக் இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் நின்ற இரண்டு வண்டியைத் தரை சரியில்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார். என் வண்டிக் கதவைத் திறந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா இது? லீவுல மீன் லோடு அடிச்சீங்களா?"

"இல்ல சார்."

"பிள்ளைங்க வண்டியில மீன் ஏத்தினா பெர்மிட்டே போயிரும், தெரியும்ல?"

சுறா எண்ணெய் என்று சொன்னால் யார் நம்புவார்கள். அப்போது வேலிப் பக்கமிருந்து இன்னாசி வந்தார். வருவதாக என்னிடம் சொல்லவேயில்லை. பெயிண்ட் படாத வெள்ளைச் சட்டை. அந்த ஆளுக்கு அப்படி ஒரு சட்டை இருக்கிறதென்று இன்றுதான் தெரியும்.

"சார், அது துருப்பிடிக்காம இருக்க ஊத்துன சுறா எண்ணெய். ஊத்துனது நாந்தான். தப்புன்னா என்னச் சொல்லுங்க. அவிய வண்டியில மீன் ஏத்துத ஆளு இல்ல."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. டார்ச்சும் சுத்தியலும் வாங்கிக்கொண்டு அவரே வண்டிக்கு அடியில் போய்விட்டார். ஒவ்வொரு இடமாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. எங்கேயும் நொறுங்கவில்லை. நான் ஒவ்வொரு தட்டையும் எண்ணினேன். நடுப்பக்கம் போனதும் சத்தம் நின்றது. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது.

"யாரும்மா ஜெபக்கனி?"

"நான்தான் சார்."

"உங்க பேரு எதுக்கு இங்க எழுதியிருக்கு?"

அத்தனை டிரைவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்னாசியைப் பார்த்தேன். அவர் தன் செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தார். மாதா பேர் வைப்பார்கள், இல்லையென்றால்... எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"வண்டிக்கு அதுதான் சார் பேரு" என்றேன்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து முழங்கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "மேல பளபளன்னு வர்ற வண்டிதான் தினமும் பாக்கிறேன். கீழ இப்படி ஒண்ணு பாத்து வருசமாச்சு" என்றார். தேறியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை நான் வாங்கும்போது, "நல்லா வெயில்ல போடுங்க, வாடை போயிரும்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது இன்னாசி முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். அவரைக் கரையில் இறக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் வாசல் கேட்டைச் சாத்திக்கொண்டு பாய் விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். நடுச் சட்டத்தில் வெள்ளைப் பெயிண்டில், படகு முகப்பில் எழுதுகிற கொழுத்த எழுத்தில், என் பேர். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீன். அவ்வளவு அழகாக என் பேரை நானே எழுதியதில்லை.

ஜூன் 2, திங்கள்

ஏழு மணிக்கு எல்லாரும் வாசலில் நின்றார்கள். பன்னிரண்டும் ஏறிவிட்டது. ஷெரின் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சி, "ஐ, எங்க போட்டு வாசம்" என்றாள். நாளைக்குள் முழுக் கூட்டமும் பூனைப் பட்டாளத்துக்குப் பேர் வைத்துவிடும்.

ஜூன் 14, சனி

இன்று நள்ளிரவோடு தடை முடிகிறது. வண்டியைக் கழுவிவிட்டு (கீழேயும்) கரைக்குப் போனேன். படகெல்லாம் தண்ணீரில் நின்று ஆடிக்கொண்டிருந்தது, ஒவ்வொன்றிலும் புதுப் பேர். இன்னாசி கரையில் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசத்துக்கு ஒருக்க பூச்சு தொட்டு வைக்கணும்" என்றார். "டிசம்பர்ல வாரேன்."

"டிசம்பர்லயா?"

"ஆமா."

"நடுவுல ஓட்டை அடைச்சிக்கிட்டா? மண்ணு ஏறும், சகதி ஏறும். யாரு பாக்கதாம்?"

அவர் கடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெதுவாகச் சிரித்தார். "பாக்கணும். அடிக்கடி பாக்கணும்."

வீட்டுக்கு வந்து தூக்கைக் கழுவினேன். இன்று குழம்பு மிஞ்சவில்லை. இரண்டு பேருக்கு என்றே அளந்து வைத்துக் கொண்டுபோனேன். இதையும் எழுதிவிடுகிறேன். கல்யாணமென்று அவருடைய ஆர்.சி. கோயிலில் நான் போய் நிற்க வேண்டிவந்தால் எங்கள் சி.எஸ்.ஐ. போதகர் ஐயர் என்ன சொல்வாரோ என்று பேச்சியக்கா இப்போதே கவலைப்படுகிறாள். நான் அவளை அடக்கவில்லை.

வரப்போகிற சனிக்கிழமைகளின் பக்கங்களில் மறப்பதற்குள் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 21, சனி

இன்னாசி வருகிறார். ஓட்டை பார்க்க.

ஜூன் 28, சனி

இன்னாசி வருகிறார். ஓட்டை பார்க்க.

ஜூலை 5, சனி

இன்னாசி வருகிறார்.